சங்கிலியின் இறுக்கம்

மரம் அரியும் சங்கிலிவாளைப் பூட்டும் பொறுப்பை என் சிறிய தந்தையார் எவரிடமும் ஒப்படைப்பதில்லை. இயந்திரத்தை நிறுத்திக் கையுறை அணிந்த பின்னரே சங்கிலியைத் தொடுவார். பற்சக்கரத்தில் மாட்டித் தகட்டின் தவாளிப்பில் அதனை அமர்த்துவார். மேற்புறத்துப் பற்களின் கூர் தகட்டின் நுனியை நோக்கியிருத்தல் வேண்டும். மூடியின் சுரைகளை விரலால் மட்டும் முடுக்கி, நுனியை உயர்த்திப் பிடித்தவாறே திருகாணியைத் திருப்புவார். கீழ்ப்புறத்தில் சங்கிலி தொங்கலாகாது; எனினும், கையால் இழுக்கத் தடையின்றி ஓடவேண்டும். அதன் பின்னரே சுரைகளை இறுக்குவார்.

தளர்ந்த சங்கிலி தகட்டை விட்டுத் தெறித்து அரிபவரையே தாக்கக்கூடும். மிகை இறுக்கமோ தகட்டைத் தேய்க்கும். வேலையில் சூடேறி நீளும் சங்கிலியை இடையில் இறுக்குபவர், மாலையில் மறவாது தளர்த்திவிடுவார். இல்லையேல், குளிர்ந்து சுருங்கும் உருக்கு இயந்திரத்தின் அச்சையே பழுதாக்கிவிடும். பரீட்சை முடிந்த பின்னரும் இறுகியே திரியும் எம்போன்றோர் கற்கவேண்டியது அந்த மாலைநேரத் தளர்த்தலையே.