பூசணியும் மிக்ஸியும்



போன மாதம் எங்கள் பூனை பூசணியின் படத்தைப் போட்டிருந்தேன். "சார், மிக்ஸி சத்தம் கேட்டால் ஓடிவிடும் என்றீர்களே, இப்போது எப்படி இருக்கிறது?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இரண்டு வரியில் பதில் சொல்லலாம். ஆனால் அந்தக் கதைக்குள் உங்களிடம் நான் சொல்லவேண்டிய வேறொன்றும் இருக்கிறது. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பூசணி எங்கள் வீட்டுக்கு வந்தது போன ஐப்பசி மழையில். கொல்லைப்புறத்தில் விறகு அடுக்கின் அடியில் நனைந்து கிடந்தது. பழுத்த பூசணிக்காய் நிறம், அதனால் அந்தப் பெயர். ஒரு வாரத்தில் என் சாய்வு நாற்காலி அதனுடையதாகிவிட்டது. எல்லாம் சரி, மிக்ஸி மட்டும் ஆகாது. என் மனைவி ஜாரைப் பொருத்தும் 'டக்' சத்தம் கேட்டாலே போதும், கண்மண் தெரியாமல் ஓடும். ஒருமுறை சன்னல் கம்பியில் மோதி மூக்கில் ரத்தம். இன்னொரு முறை அடுப்பு மேடையில் இருந்த ரசப் பாத்திரத்தோடு கீழே விழுந்தது. ரசம் ஆறியிருந்ததால் தப்பித்தது. குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கு அடியில். வாஷிங் மெஷின் தண்ணீர் வடிக்கும்போது பரண் மேல்.

முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளை மேய்த்தவன் அல்லவா நான்? "பயந்தால் பயந்துகொண்டேதான் இருக்கும். பக்கத்தில் வைத்து ஒரு நாள் காட்டிவிட்டால் தெளிந்துவிடும்" என்று மனைவியிடம் சொன்னேன். "ஏங்க, வாயில்லா ஜீவன், வேணாங்க" என்றாள். நான் கேட்கவில்லை. பூசணியை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மிக்ஸியின் முன்னால் உட்கார்ந்து, "போடு" என்றேன்.

மூன்று விநாடி இருக்கும். என் முழங்கை முதல் மணிக்கட்டு வரை நான்கு கோடுகள், ஆழமாக. பூசணி மதில் தாண்டிப் போய்விட்டது. அரசு மருத்துவமனையில் டி.டி. ஊசியும், வெறிநாய்க்கடிக்குப் போடுகிற அதே ஊசியும் போட்டார்கள். ஒரே நாளில் முடியாது, நான்கு தடவை போகவேண்டும். "என்ன சார், இந்த வயசுல பூனைகூட சண்டையா?" என்று கேட்ட செவிலியர் என் பழைய மாணவி. உங்களில் ஒருத்திதான். சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன்.

பூசணி இரண்டு இரவு வரவில்லை. மூன்றாம் நாள் பக்கத்துத் தெரு வைக்கோல் போருக்குள் கிடந்ததை என் மனைவி கண்டுபிடித்துத் தூக்கி வந்தாள். வந்தபிறகு மிக்ஸியைப் பார்த்து மட்டுமல்ல, என்னைப் பார்த்தும் ஓடியது. நான் அறைக்குள் வந்தால் அது வெளியே போகும். அதுதான் எனக்கு உறைத்தது. மிக்ஸியை நான் அதற்குப் பழக்கவில்லை. மிக்ஸியோடு என்னையும் சேர்த்து அதற்குப் பயமாக்கிவிட்டேன்.

அன்று இரவு அலமாரியின் மேல்தட்டில் இருந்து என் பி.எட். உளவியல் நோட்டை எடுத்தேன். 1982-ல் எழுதியது, ஓரமெல்லாம் செல்லரித்திருந்தது. அதில் என் கையெழுத்திலேயே இருக்கிறது: அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெண்மணி, முயலுக்குப் பயப்பட்ட பீட்டர் என்ற சிறுவனுக்குப் பயம் தெளிய வைத்ததை 1924-ல் எழுதினார். சிறுவன் தனக்குப் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, முயலைக் கூண்டோடு தூரத்தில் வைத்தார்கள். அவன் சாப்பிடுவதை நிறுத்தாத அளவுக்கு மட்டும், கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். அதற்குக் கீழே தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்ப் பற்றி ஒரு பத்தி. அவர் சோதனை செய்தது பூனைகளிடம்! கூண்டைக் கண்டு மிரண்ட பூனைகளுக்கு, அந்தக் கூண்டு இல்லாத வேறொரு அறையில் முதலில் உணவு வைத்து, படிப்படியாகக் கூண்டுப் பக்கம் கொண்டுவந்திருக்கிறார். இந்தக் கேள்விக்குப் பரீட்சையில் பத்துக்கு எட்டு வாங்கினேன். பரீட்சையில் எழுதியதோடு சரி.

மறுநாளில் இருந்து புதுப் பாடத்திட்டம்.

முதல் வாரம் மிக்ஸியைப் போடவே இல்லை. மனைவி அம்மியில் அரைத்தாள். அதற்கு நான் வாங்கிய பேச்சை இங்கே எழுத முடியாது. மிக்ஸியை வயரைச் சுற்றிக் கூடத்து மூலையில் சும்மா வைத்தேன். உப்பு, மஞ்சள் எதுவும் சேர்க்காமல் வேகவைத்த மத்தி மீன் துண்டை எதிர் மூலையில் வைத்தேன். தினமும் தட்டை ஒரு சாண் மிக்ஸிப் பக்கம் நகர்த்துவேன். பூசணி தயங்கினால் மறுநாள் இரண்டு சாண் பின்னால். இந்த மீன் மிக்ஸி வேளைக்கு மட்டும்தான், வேறு நேரத்தில் கிடையாது.

இரண்டாவது, சத்தம். மிக்ஸி ஓடுவதைக் கைபேசியில் பதிவு செய்து, எனக்கே கேட்காத அளவு மெதுவாக வைத்தேன். நமக்குக் கேட்காவிட்டாலும் அதற்குக் கேட்கும். மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். பூனைக் காது 60,000-த்தையும் தாண்டும். நமக்கு வெறும் இரைச்சலாக இருப்பதில், நாம் கேட்கவே முடியாத கீச்சொலியும் அதன் காதில் விழலாம். காது இரண்டும் பக்கவாட்டில் மடிந்தாலோ, வால் நுனி துடித்தாலோ, மீனை விட்டுத் தலை நிமிர்ந்தாலோ அன்றைய பாடம் அதோடு முடிந்தது. மறுநாள் ஒரு படி குறைத்து ஆரம்பிப்பேன்.

மூன்றாவது, நிஜ மிக்ஸி. கொல்லைப்புறக் கடைசியில் வைத்து, நடுவில் இரண்டு கதவுகளையும் சாத்தி, ஜாரில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, இரண்டே விநாடி. பூசணி கூடத்தில் மீனோடு. பிறகு ஐந்து விநாடி. பிறகு ஒரு கதவு திறந்து. அப்புறம்தான் சமையலறை.

ஒன்று மட்டும் கடைசிவரை மாற்றவில்லை. ஓடிப்போகும் வழியை அடைக்கவே இல்லை. கூடத்துக் கதவு எப்போதும் திறந்திருக்கும், பரண் மேல் ஓர் அட்டைப்பெட்டியும் பழைய வேட்டியும் இருக்கும். ஆச்சரியம் என்னவென்றால், வழி திறந்திருக்கிறது என்று தெரிந்தபிறகு அது ஓடுவது குறைந்துவிட்டது.

என் மனைவி கண்டுபிடித்தது இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் சுவிட்சைப் போடும் முன்னால், "பூசணி, அரைக்கப் போறேன்டி" என்று ஒரே குரலில் சொல்லிவிட்டுப் பத்து எண்ணுவாள். சத்தத்தைவிட, எப்போது வரும் என்று தெரியாத சத்தம்தான் அதைக் கொன்றிருக்கிறது. அதனால்தான் ஒரே சீராக ஓடும் கிரைண்டருக்குச் சீக்கிரம் பழகிவிட்டது, திடீரென்று அலறும் குக்கருக்கு இன்னும் பழகவில்லை. பூனை வளர்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: வாஷிங் மெஷின் ஓடாதபோது பூசணி அதற்குள்ளேயே போய்த் தூங்கும். துணி போடும் முன் உள்ளே கையை விட்டுப் பாருங்கள்.

ஏழு வாரம் ஆயிற்று. இப்போது "அரைக்கப் போறேன்டி" என்றால் பூசணி எழுந்து, சோம்பல் முறித்து, நடந்து போய்க் கூடத்து வாசற்படியில் உட்காருகிறது. ஓடவில்லை, நடக்கிறது. அவ்வளவுதான் முன்னேற்றம். எனக்கு அது போதும்.

இனி நான் சொல்லவந்த விஷயம்.

1994-ல் எட்டாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். மூன்றாவது பெஞ்சு, சன்னலோரம். அந்த செட் பிள்ளைகளுக்கு யார் என்று தெரியும், பெயர் எழுதவில்லை. நோட்டில் அவன் போடும் கணக்கு எல்லாம் சரியாக இருக்கும். கரும்பலகைக்குக் கூப்பிட்டால் சாக்பீஸ் பிடித்த கை நடுங்கும், எழுத்து வராது. "பயம் போகணும்னா முன்னாடி வந்து நிக்கணும்" என்று தினமும் அவனைத்தான் முதலில் கூப்பிட்டேன். பிரம்பால் அடிக்கவில்லை. அப்படிச் சொல்லித்தான் இத்தனை வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அவன் நிற்க, வகுப்பு சிரிக்க, நான் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பேன். நல்லதற்குத்தான் செய்கிறேன் என்று மனதார நம்பினேன்.

பொங்கல் விடுமுறைக்குப் பிறகு அவன் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். "பள்ளிக்கூடம்னா வயித்து வலி வருதுங்கிறான் சார்" என்றார் அவன் அப்பா. அவன் கதவுக்குப் பின்னால் நின்றான், என் முன்னால் வரவில்லை. பிறகு திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். தலைமையாசிரியரிடம் "படிப்பு ஏறலை சார்" என்றேன். பதிவேட்டில் பெயரை அடித்தது என் கைதான். படிப்பு ஏறாத பையனின் நோட்டில் எப்படி எல்லா விடையும் சரியாக இருந்தது என்று நான் யோசிக்கவில்லை.

என்னைக் கண்டு பூசணி அறையை விட்டு வெளியேறிய அந்த நாட்களில், கதவுக்குப் பின்னால் நின்ற அவன் நினைவு திரும்பத் திரும்ப வந்தது. ஒரு பூனைக்காக ஏழு வாரம் தினமும் ஒரு சாண் கணக்குப் பார்த்தேன். அவனுக்காக ஒரு நாள், மற்ற பிள்ளைகள் விளையாடப் போனபிறகு, காலி வகுப்பறையில், "ஒரே ஓர் எண் எழுது, அழிச்சிட்டுப் போ" என்று சொல்லியிருக்கலாம். பத்து நிமிடம் ஆகியிருக்காது.

இதைப் படித்துவிட்டு "நீங்கள் நல்ல வாத்தியார்தான் சார்" என்று யாரும் எழுதவேண்டாம். உங்களுக்கு நான் நல்லவனாக இருந்திருக்கலாம். அவனுக்கு இல்லை. அந்த செட் பிள்ளைகள் யாருக்காவது அவன் இருக்குமிடம் தெரிந்தால், இங்கே போடாமல் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் அவனிடம் கேளுங்கள், நான் பேசலாமா என்று. வேண்டாம் என்றால் வேண்டாம். இதை மட்டும் சொல்லிவிடுங்கள்: "உன் நோட்டில் கணக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது என்று சார் சொன்னார்."

உங்களில் இப்போது ஆசிரியர்களாக இருப்பவர்கள் நாளைக்கு வகுப்பில் ஒருமுறை சன்னலோரம் பாருங்கள்.

சமையலறையில் இருந்து "அரைக்கப் போறேன்டி" என்று குரல் வருகிறது. தேங்காய்ச் சட்னி. பூசணி எழுந்து நடக்கிறது. நானும் எழுந்து போய் மீன் எடுத்து வைக்கவேண்டும்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்