உடும்புக் கறி ஹலாலா?

"உடும்பு சாப்பிடலாம்னு ஹதீஸ்லயே இருக்குடா, தெரியுமா?"

முஸ்லிம் பசங்க நாலு பேர் இருக்கிற எந்த காலேஜ் கேன்டீனிலும் இந்தப் பேச்சு ஒரு தடவையாவது வந்திருக்கும். பன்றி ஹராம், ஆடு ஹலால். இதில் யாருக்கும் குழப்பம் கிடையாது. உடும்பு என்று வந்தால்தான் ஆளுக்கு ஒரு பதில்.

ஒத்தக்கடையில் ஒரு வீட்டில் இது வெறும் அரட்டையாக இல்லை. மகன் பி.காம் இரண்டாம் வருடம். அத்தாவுக்கு வருடக்கணக்கில் மூட்டை தூக்கி இடுப்பு போய்விட்டது. "உடும்புக் கறி தின்னா இடுப்பு இரும்பாயிடும், நான் பிடிச்சுத் தர்றேன். உங்க மார்க்கத்துலயும் தடை இல்லைல்ல?" என்றான் மகனோடு படிக்கிற ஒரு பையன். அத்தாவுக்கு ஆசை வந்துவிட்டது. நன்னி மட்டும், "வேணாம்யா, நம்ம வீட்டுல யாரும் தின்னதில்ல" என்றார். யார் சொல்வது சரி? விஷயத்துக்கு வருவோம்.

முதலில் அந்த ஹதீஸ். அது உண்மையிலேயே இருக்கிறது, புகாரியிலும் முஸ்லிமிலும். மைமூனா (ரலி) அவர்களின் வீட்டில் நபி (ஸல்) அவர்களுக்குச் சுட்ட இறைச்சி ஒன்று வைக்கப்பட்டது. கையை நீட்டினார்கள். அது என்ன பிராணி என்று சொன்னதும் கையை எடுத்துவிட்டார்கள். கூட இருந்த காலித் பின் வலீத் (ரலி) இது ஹராமா என்று கேட்டார். இல்லை, என் மக்கள் வாழும் பகுதியில் இது கிடையாது, எனக்குப் பிடிக்கவில்லை என்ற கருத்தில் பதில் வந்தது. காலித் அதைத் தன் பக்கம் இழுத்துச் சாப்பிட்டார். நபியவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

இதை வைத்து ஷாஃபி, மாலிகி, ஹன்பலி மூன்று மத்ஹபுகளும் அந்தப் பிராணியை ஆகுமானது என்கின்றன. ஹனஃபி மத்ஹப் வேறு ஆதாரங்களை எடுத்துக்கொண்டு மக்ரூஹ், அதாவது வெறுக்கத்தக்கது என்கிறது. கீழக்கரை, காயல்பட்டினம் மாதிரி கடற்கரை ஊர்களில் ஷாஃபிகள் அதிகம். மதுரைப் பக்கத்து ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபி. நண்டு விஷயத்தில் இந்த இரண்டு பக்கமும் ஒத்துப்போகாததும் இதே கதைதான். ஆக, நன்னி பழக்கத்தில் சொன்னதற்குப் பின்னால் ஒரு மத்ஹபே இருக்கிறது.

ஆனால் பெரிய சிக்கல் இதுவும் இல்லை. ஹதீஸில் வருவது நம்ம ஊர் உடும்பே இல்லை!

அரபியில் அங்கே இருக்கும் சொல் 'ளப்பு'. அது அரேபியப் பாலைவனத்தில் வளை தோண்டி வாழும் ஒரு பல்லி இனம். உருண்டைத் தலை, முள் முள்ளாக இருக்கும் தடித்த வால். முக்கியமாக இலை தழைகளைத் தின்னும். அதன் சொந்தக்காரப் பல்லி ஒன்று ராஜஸ்தானிலும் கட்ச் பகுதியிலும் உண்டு. தமிழ்நாட்டில் கிடையாது. நம் ஊரில் இல்லாத பிராணிக்குத் தமிழில் பெயர் எப்படி இருக்கும்? மொழிபெயர்த்தவர்கள் கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கிற உடும்பின் பெயரைப் போட்டார்கள்.

நம்ம உடும்பு வேறு சாதி. பாம்பு மாதிரி பிளந்த நாக்கு. வண்டு, எலி, முட்டை, பாம்பு, செத்த பிராணி எதையும் விடாது. அரபியில் இதற்கு 'வரல்' என்று தனிப் பெயரே இருக்கிறது. விஞ்ஞானிகள் உடும்பு இனத்துக்கு வைத்த 'வரானஸ்' என்ற பெயர்கூட அந்த அரபிச் சொல்லிலிருந்து வந்ததுதான். மார்க்க அறிஞர்களும் வரலைத் தனியாகத்தான் பேசியிருக்கிறார்கள். கோரைப்பல்லால் வேட்டையாடும் மிருகங்களை உண்ணத் தடை இருப்பது எல்லோருக்கும் தெரியும். தழை தின்னும் ளப்புக்குக் கிடைத்த அனுமதியைத் தூக்கி, வேட்டையாடித் தின்னும் உடும்புக்குக் கொடுப்பது எப்படி நியாயம்?

இன்னொன்று. பிராணி ஹலாலாக இருந்தால் மட்டும் போதாது, அறுப்பும் முறையாக இருக்க வேண்டும். அடித்துக் கொல்லப்பட்டதைக் குர்ஆன் (5:3) தடுத்திருக்கிறது. கம்பால் அடித்துக் கொன்று எடுத்து வருகிற உடும்பு இதில் எந்தக் கணக்கில் சேரும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகச் சட்டம். 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்பு முதல் அட்டவணையில் இருக்கிறது. புலி இருக்கிற அதே பட்டியல்! வேட்டையாடினால் குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 7 வருடம் சிறை. 2022-ல் வந்த திருத்தத்தின்படி அபராதமும் குறைந்தது 25,000 ரூபாய். கறியைக் கையில் வைத்திருந்தாலே குற்றம். யானைமலை அடிவாரத்தில், 2004-லிருந்து ஹைகோர்ட் கிளையே பக்கத்தில் இருக்கிற ஊரில் இது தெரியாது என்று சொல்ல முடியுமா? உங்களை நீங்களே அழிவில் தள்ளிக்கொள்ளாதீர்கள் என்பதும் (2:195) மார்க்கம்தான்.

இடுப்பு வலிக்கு உடும்புக் கறி மருந்து என்பதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் கிடையாது. உடும்புப் பிடி பலமானது என்பதால் அதைத் தின்றால் நமக்கும் பலம் வரும் என்று யாரோ போட்ட கணக்கு அது. மகன் இவ்வளவையும் எடுத்துச் சொன்ன பிறகு அத்தா அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கினார். எலும்பு டாக்டர் பெல்ட்டும் உடற்பயிற்சியும் எழுதிக் கொடுத்தார். ஒரு மகன் ஜெயிலுக்குப் போகாமல் மிச்சம்!

ஹலாலா ஹராமா என்று கேட்பது நல்ல பழக்கம். ஆனால் பதிலைத் தேடும்போது பெயரை மட்டும் பார்த்தால் போதாது, எந்தப் பிராணி என்று பார்க்க வேண்டும். எப்படி வந்தது, யாருக்கு என்ன கேடு என்றும் பார்க்க வேண்டும். நபியவர்கள்கூட ஹராம் இல்லை என்று சொல்லிவிட்டும் கையை எடுத்துக்கொண்டார்கள். அனுமதி இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் தின்றே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இங்கே அந்த அனுமதியே சந்தேகம் எனும்போது, மலையில் இருக்கிற உடும்பு மலையிலேயே இருக்கட்டும்.