வெயில் யார் தலையில் விழுகிறது?

பொண்ணு பார்க்கவோ மாப்பிள்ளை வீடு பார்க்கவோ போகிற இளசுகளுக்கு நான் சொல்கிற யோசனை ஒன்று உண்டு. சித்திரை மாசம் உச்சிப் பொழுதில் அந்த வீட்டுக்குப் போங்கள். ஃபேன் எங்கே சுழல்கிறது, அதன் கீழே யார் உட்கார்ந்திருக்கிறார்கள், அந்த நேரத்தில் அடுப்படியில் யார் நிற்கிறார்கள் என்று கவனியுங்கள். ஜாதகக் கட்டத்தில் தெரியாத சங்கதியெல்லாம் அங்கே தெரிந்துவிடும்.

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. சூலூருக்குக் கிழக்கே பிறந்து, பல்லடம் பக்கம் தோட்டத்து வீட்டில் வாழ்க்கைப்பட்டு, இப்போது சரவணம்பட்டியில் மகனுடைய அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். மூன்று இடத்திலும் வானம் மாறுவதைப் பார்த்தாயிற்று. வாசலுக்கு வெளியே மழையும் வெயிலும் எல்லோருக்கும் பொதுதான். வீட்டுக்குள் வந்துவிட்டால் அந்தப் பொதுத்தன்மை போய்விடும்; யாராவது ஒருத்தர் தலையில்தான் அதிகமாக இறங்கும். பெரும்பாலும் அது ஒரு பெண்ணின் தலையாக இருக்கும், இல்லையென்றால் ஒரு கிழவரின் தலை. அதைப் பங்கு போட்டுக்கொள்ளத் தெரிந்த குடும்பம்தான் நிலைக்கும் என்பதே நான் கண்டது.

வெளியூர்க்காரர்கள் "கோயமுத்தூருக்கென்னங்க, ஏசி போட்ட ஊரு" என்பார்கள். பாதி உண்மை. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு இயற்கை ஒரு வாசல் திறந்து வைத்திருக்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். வைகாசி கடைசியிலிருந்து கேரளத்துக் காற்று அதன் வழியாக நம் பக்கம் வீசும், சாரலும் தெளிக்கும். மழையின் பெரும்பங்கை மலை அந்தப் பக்கமே வாங்கிக்கொள்ளும். கோவை நகரத்துக்கு ஆண்டுக்குக் கிடைப்பது சுமார் 700 மில்லிமீட்டர். அதே மாவட்டத்தில் வால்பாறைக்கு அருகில் உள்ள சின்னக்கல்லாறோ தமிழ்நாட்டிலேயே அதிகம் மழை பெய்கிற இடங்களில் ஒன்று. பல்லடம், சூலூர், காங்கேயம் எல்லாம் வானம் பார்த்த பூமி. ஒரு குடம் தண்ணீருக்குப் பின்னால் ஒருத்தியின் முதுகுவலி இருந்த காலத்தில் நாங்கள் வளர்ந்தோம்.

அடுப்பை அணைத்த மாமியார்

எங்கள் தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் வருவதற்கு முன்னால் மாடு பூட்டி இறைக்கிற கவலைதான். வெயில் ஏறுவதற்குள் தண்ணீர் இறைத்து முடிக்க வேண்டுமென்று ஆண்கள் கோழி கூப்பிடும் முன்பே மாடுகளைப் பூட்டுவார்கள். அவர்களுக்கு முன்னால் எழுந்து பெண்கள் கம்பு இடித்துக்கொண்டிருப்பார்கள். மதியம் ஆண்கள் வேப்பமரத்தடியில் கயிற்றுக்கட்டிலைப் போட்டுக் கண்ணயர்வார்கள். அதே நேரத்தில் பெண்கள் விறகடுப்பு முன்னால் வெந்துகொண்டிருப்பார்கள். இரண்டு பேரும் உழைப்பாளிகள்தான். ஆனால் ஒருத்தருக்குக் கோடையில் ஓய்வு இருந்தது, இன்னொருத்தருக்கு இல்லை.

என் மாமியார் பள்ளிக்கூடம் போனவர் அல்ல. பங்குனி பிறந்தால் ஒரு சட்டம் போட்டுவிடுவார். பொழுது கிளம்புவதற்குள் சமையல் முடிய வேண்டும். அதற்குப் பிறகு சாயங்காலம் வரை அடுப்பில் தீ இருக்கக் கூடாது. மதியத்துக்கு மோர் ஊற்றிக் கரைத்த கம்மஞ்சோறு, சின்ன வெங்காயம், மோர்மிளகாய். விருந்தாளி வந்தாலும் அதுதான். மாமனார் ஒருநாள் சுடுசோறு கேட்டார். "ஏனுங்க, இந்த வெய்யல்ல அடுப்புப் பக்கத்துல நீங்க உக்கோருறீங்களா? உக்கோந்தா இப்பவே ஒல வெக்கறேன்" என்றார் மாமியார். அப்புறம் எங்கள் வீட்டில் கோடையில் யாரும் சுடுசோறு கேட்டதில்லை.

மாரியம்மன் நோன்பும் அந்த வெயிலோடுதான் வரும். ஈரோடு, கோவைப் பக்கம் கம்பம் நட்டு, பெண்கள் மஞ்சள் நீர் ஊற்றி, வேப்பிலை கட்டிக் கொண்டாடுவார்கள். அம்மை போட்ட வீட்டில் தாளிக்கக் கூடாது, எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது என்பார்கள். பக்தியோடு செய்த காரியம் அது. ஆனால் அந்தச் சில நாள் அடுப்படிக்கும் ஓய்வு கிடைத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

காற்றுக் காலமும் கரண்டு இல்லாத காலமும்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சும்மா சொல்லவில்லை. கணவாய் வழியாக வருகிற காற்று உடுமலை, பல்லடம் பக்கம் ஓடு தூக்கும், வாழையைச் சாய்க்கும். கூட்டிப் பெருக்கி நிமிர்வதற்குள் ஆசாரம் என்கிற முன்கூடம் முழுக்க மறுபடியும் புழுதி. அந்தக் காற்றுதான் இன்றைக்குப் பூளவாடி, பல்லடம் வட்டாரத்தில் காற்றாலைகளைச் சுழற்றுகிறது.

2012-ல் மின்வெட்டு எங்களை வதைத்த நாட்கள் பெரியவர்களுக்கு மறந்திருக்காது. பட்டறைகள் நின்றன, தறிகள் நின்றன. காற்றுக் காலத்தில் மட்டும் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. அப்போது வீட்டில் கரண்டு வரும் நேரத்தை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். வந்ததும் முதலில் தண்ணீர் மோட்டார், அப்புறம் மாவாட்டும் கிரைண்டர், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு விளக்கு, கடைசியில்தான் டிவி. கரண்டு ராத்திரி இரண்டு மணிக்கு வந்தால் யார் எழுந்து மாவாட்டுவது என்று ஒரு கேள்வி வந்தது. முதல் வாரம் மருமகள் எழுந்தாள். அடுத்த வாரத்திலிருந்து முறை வைத்துக்கொண்டோம். என் மகனும் எழுந்தான். அவனுக்கு மாவு பதம் தெரிந்தது அந்த ஆண்டில்தான்.

மழை ராத்திரி

நமக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில், வடகிழக்குப் பருவக்காற்றில். அடைமழை பிடித்தால் தோட்டத்து வீட்டில் துணி காயாது, விறகு பிடிக்காது, மாட்டுக்குத் தீனி நனைந்து போகும். அன்றைக்கு அரிசிம்பருப்புச் சோறுதான். ஒரே சட்டி, ஒரே வேலை, மேலே கொஞ்சம் நெய். சளி பிடித்தவர்களுக்குச் செலவு ரசம் அல்லது கொள்ளு ரசம். கொங்கு நாட்டுச் சமையலில் ருசிக்குச் சமமாகச் சிக்கனமும் இருக்கிறது. விறகுச் சிக்கனம், நேரச் சிக்கனம், சமைக்கிறவள் உடம்புச் சிக்கனம்.

காய்ந்த விறகைப் புரட்டாசியிலேயே அட்டாலியில் ஏற்றி வைப்பதும், மழை ராத்திரியில் லாந்தரோடு கட்டுத்தரைக்குப் போய் மாட்டைப் பார்ப்பதும் எங்கள் வீட்டில் ஆண்கள் வேலை. அவர்கள் நனைந்து வந்தால் சுக்குமல்லிக் காப்பி தயாராக இருக்கும். மழைக்கால வேலைகள் இப்படி முன்கூட்டியே பிரிக்கப்பட்டிருந்ததால் அந்த நேரத்தில் சண்டை வராது. சண்டை வருவது திட்டம் இல்லாத வீட்டில்தான்.

நகரத்தில் மழைக்காலத்துக்கு வேறு முகம். சி.எஸ். ரத்தினசபாபதி முதலியார் நகரசபைத் தலைவராக இருந்து பாடுபட்டு, சிறுவாணித் தண்ணீர் கோவைக்கு வந்தது, ஆர்.எஸ்.புரம் அவர் பெயரைச் சுமக்கிறது. பெண்களின் இடுப்பிலிருந்து குடம் இறங்கியதற்கு அவரை நினைக்க வேண்டும். ஆனால் குழாயில் தண்ணீர் தினமும் வராத இடங்களில் இன்றைக்கும் டிரம்மிலும் தொட்டியிலும் பிடித்து வைக்கிறோம். டெங்குக் கொசு முட்டையிடுவது அந்த நல்ல தண்ணீரில்தான். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும். அதனால் வாரம் ஒருமுறை டிரம்மைக் காலி செய்து உள்பக்கம் தேய்த்துக் கழுவி, துணி கட்டி மூட வேண்டும். இது தெரியாத வீடு இல்லை. யார் தேய்ப்பது என்று முடிவு செய்யாத வீடுகள்தான் அதிகம்.

மழை பொய்த்த ஆண்டு

2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணறும் புழுதியைக் கக்கியது. பிள்ளை போல வளர்த்த தென்னை தலை சாய்ந்தது. தீவனம் இல்லாமல் மாட்டைச் சந்தைக்கு ஓட்டினார்கள். ஊர்ப் பெண்கள் வீடு வீடாகப் போய் மழைச்சோறு எடுத்து, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து உண்டு, வானத்தைப் பார்த்து அழுதார்கள்.

மழை பொய்த்தால் வீட்டில் கோபம் பெய்யும். கடன்காரனுக்குப் பதில் சொல்ல முடியாதவன் பெண்டாட்டியிடம் குரலை உயர்த்துவான். அவள் பிள்ளை முதுகில் இரண்டு வைப்பாள். வறட்சியில் பயிர் கருகியதை அடுத்த மழை சரிசெய்துவிடும். சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்ட ராத்திரியை எந்த மழையும் சரிசெய்யாது. இளையவர்களே, உங்கள் வறட்சி வேறு மாதிரி வரலாம். வேலை போகலாம், பட்டறைக்கு ஆர்டர் நிற்கலாம். அன்றைக்கு ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: வீட்டில் இருப்பவர்கள் அந்த வறட்சியை உண்டாக்கியவர்கள் அல்ல, உங்களோடு சேர்ந்து அதில் காய்கிறவர்கள்.

எங்கள் பெரியவர்கள் நல்ல ஆண்டிலேயே கெட்ட ஆண்டுக்கு எடுத்து வைத்தார்கள். சோளத்தைக் குழியில் இட்டு மூடினார்கள். தட்டுப்போரை அடுத்த ஆண்டுக்கும் மிச்சம் வருகிற மாதிரிப் போட்டார்கள். இன்றைக்கு உங்கள் போர் வங்கிக் கணக்கில் இருக்கலாம். சில மாதச் செலவுக்கான பணம் தொடாமல் இருக்கட்டும்.

பங்கு போடுவதற்கு நம் மண்ணிலேயே பெரிய பாடம் இருக்கிறது. 1955-ல் கட்டி முடித்த பவானிசாகர் அணையிலிருந்து கீழ்பவானி வாய்க்கால் 2,07,000 ஏக்கருக்குப் பாய்கிறது. அத்தனைக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் போதாது. அதனால் பாதி நிலத்துக்கு ஆகஸ்ட் முதல் நஞ்சைக்கு, மறுபாதிக்கு டிசம்பருக்குப் பிறகு புஞ்சைக்கு. அடுத்த ஆண்டு மாறிக்கொள்வார்கள். பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்தில் நிலத்தை நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்து விடுகிறார்கள். முறை தவறினால் மண்வெட்டி தூக்கிச் சண்டைக்கு நிற்கிற அதே விவசாயி, தன் வீட்டுக்குள் வேலைக்கு முறை வைக்க யோசிக்கிறான். வாய்க்காலுக்கு உள்ள நியாயம் அடுப்படிக்கும் வேண்டும்.

வாசலைத் தாண்டியும் கொஞ்சம் பாருங்கள்

2019 டிசம்பர் 2-ஆம் தேதி விடிவதற்கு முன், மேட்டுப்பாளையம் நடூரில் கனமழையில் ஒரு மதில்சுவர் சரிந்து, கீழே இருந்த சிறு வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்துபோனார்கள். மழை மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே மாதிரிதான் பெய்தது. சுவர் எழுப்பியவர்கள் ஒரு பக்கம், அது விழுந்தது இன்னொரு பக்கம். திருப்பூரில் தகர ஷீட்டுக்குக் கீழே குடியிருக்கிற பனியன் தொழிலாளிக்குச் சித்திரை ராத்திரி எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிற அம்மிணி மத்தியான வெயிலில் நடந்து வருகிறாளா? நேரத்தைக் காலைக்கு மாற்றுங்கள். பார்சல் கொண்டுவருகிற பையனுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுங்கள். வீட்டு நியாயம் வாசற்படியோடு நின்றுவிட்டால் அது பாதி நியாயம்தான்.

வெயில் கூடிக்கொண்டுதான் போகிறது. 2024 கோடையில் ஈரோட்டில் 42 டிகிரியைத் தாண்டியது. ஆகவே சில காரியங்களை நேராகவே சொல்லிவிடுகிறேன்.

வயதானவர்களிடம் "தண்ணி வேணுமா?" என்று கேட்காதீர்கள், கொண்டுவந்து கையில் கொடுங்கள். வயது ஏற ஏறத் தாகம் எடுப்பது குறையும், உடம்புக்குத் தண்ணீர் தேவை குறையாது. "எனக்கு ஒண்ணுமில்ல கண்ணு" என்று நாங்கள் சொல்வோம். கரண்டு பில்லுக்குப் பயந்து ஏசியை அணைத்துவிட்டுப் படுப்போம். நம்பிவிடாதீர்கள்.

பங்குனியிலிருந்து ஆனி வரை மதியச் சமையலை விட்டுவிடுங்கள், காலையிலேயே முடித்துவிடுங்கள். மழைக்கு முன் மொட்டைமாடி நீர்வழியை யார் சுத்தம் செய்வது, டிரம்மை யார் தேய்ப்பது, துணியை யார் உள்ளே எடுப்பது என்று பெயர் போட்டு எழுதுங்கள். அதில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் தாளைக் கிழித்துவிட்டு மறுபடியும் எழுதுங்கள். பிள்ளைகளின் பெயரும் அதில் இருக்கட்டும்.

புது வீடு கட்டுகிறவர்கள் படுக்கையறைக்கு எத்தனை டன் ஏசி என்று கணக்குப் போடுவதற்கு முன் சமையலறைக்கு எதிரெதிரே இரண்டு ஜன்னல் வையுங்கள். கட்டி முடித்த வீட்டில் இருப்பவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமையே அடுப்படியில் ஒரு ஃபேன் மாட்டுங்கள். மாட்டியவரே அன்றைய மதியச் சமையலையும் செய்து பாருங்கள். அந்த ஃபேன் போதுமா போதாதா என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது.