கோட்டை இல்லாத உட்கோட்டை

கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ராஜேந்திர சோழனின் கோயிலைப் பார்த்துவிட்டு, புல்தரையில் சற்று உட்கார்ந்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். நான் போனது அவன் தலைநகரைத் தேடி. சுமார் 250 ஆண்டுகள் சோழர்கள் அரசாண்ட நகரம். கோயில் மட்டும் நிற்கிறது. கோயில் மதிலின் கற்களைக்கூட 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பெயர்களைப் பெயர்த்துப் போக முடியவில்லை. சுற்றிலும் உள்ள ஊர்களைச் சொல்லிப் பாருங்கள்: உட்கோட்டை, மாளிகைமேடு, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், சுண்ணாம்புக்குழி. ஒரு நகரத்தின் வரைபடமே விரிகிறது. 1025 வாக்கில் ராஜேந்திரனின் கடற்படை வென்ற கடாரம், இங்கே கடாரங்கொண்டான் என்ற சிற்றூராக இருக்கிறது.

மாளிகைமேட்டில் தொல்லியல் துறை அகழ்ந்த குழிகளில் அரண்மனையின் செங்கல் சுவர்கள் தெரிகின்றன. கனம் குறைந்த, பட்டையான கற்கள். சுற்றிலும் மண்ணில் ஓட்டுச் சில்லுகள். ஆடு ஓட்டிவந்த பெரியவரிடம், "கோட்டை எந்தப் பக்கம் இருந்துச்சுங்கய்யா?" என்றேன். "எல்லாரும் இதத்தான் கேக்கிறாங்க தம்பி. இப்ப அது ஊர் பேருலதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு ஆடுகளை விரட்டிக்கொண்டு போனார்.

பெயரைக் கேட்டதும் கதை கட்டுவது எளிது. கல்வெட்டும் செப்பேடும் ஒத்துவந்தால்தான் நம்பலாம். 'ஊரும் பேரும்' எழுதிய ரா.பி. சேதுப்பிள்ளை தமிழில் அந்தப் பாதையைப் போட்டுத் தந்தவர். அப்படிப் பார்த்தால் பெயர்களும் தேய்வது தெரிகிறது. காட்டுமன்னார்கோயில் பக்கம் முதலாம் பராந்தகனின் பட்டப்பெயரைத் தாங்கிய வீரநாராயணன் ஏரி, மக்கள் வாயில் வீராணம் ஆயிற்று. ராஜேந்திரன் தன் கங்கை வெற்றியின் நினைவாக வெட்டிய ஏரிக்குச் சோழகங்கம் என்று பெயர். நீராலான வெற்றித்தூண் என்றே திருவாலங்காட்டுச் செப்பேடு அதைக் கொண்டாடுகிறது. அந்த ஏரி இன்று பொன்னேரி.

மன்னன் செப்பேட்டில் பொறித்த பெயரை ஊர் மறந்துவிட்டது. சுண்ணாம்புக்குழியை எந்த மன்னனும் கொண்டாடவில்லை. வேலை செய்தவர்கள் வாயில் வழங்கிய பெயராகத்தான் இருக்க வேண்டும். அது அப்படியே இருக்கிறது.