நாங்கள் செய்த அம்பு இலக்கு

வில்லைக் கொடியில் பொறித்தவர் சேர மன்னர். அவ்வில்லை எம் பள்ளித் திடலில் ஏந்த விழைந்தபோது எங்களுக்கு முதலில் வேண்டியிருந்தது இலக்கு. கடை இலக்கின் விலையோ தோட்டப்புறப் பள்ளிக்கு எட்டாதது. ஆகவே நாங்களே செய்ய முனைந்தோம்.

மளிகைக் கடையில் கழிக்கப்படும் அட்டைப் பெட்டிகளைச் சேகரித்தோம். அவற்றை 30 செ.மீ. அகலப் பட்டைகளாக நறுக்கி அடுக்கினோம். மேலும் கீழும் பலகை வைத்துக் கயிற்றால் இறுகக் கட்டினோம். அட்டைகளின் விளிம்பே வில்லாளரை நோக்க வேண்டும். அடுக்குகளின் இடையே நுழையும் அம்பை உராய்வு தடுத்து நிறுத்துகிறது. கட்டுத் தளர்ந்தால் மீண்டும் இறுக்கினால் போதும். மழையில் மட்டும் நனையவிடலாகாது.

முகப்பில் ஒட்டிய தாளில் வெள்ளை, கறுப்பு, நீலம், சிவப்பு, பொன் என வட்டங்கள் தீட்டினோம். ஒலிம்பிக்கில் 70 மீட்டர் தொலைவில் வைக்கும் இலக்கிற்கும் இவையே வண்ணங்கள். அதன் குறுக்களவு 122 செ.மீ.

பழந்துணி திணித்த சாக்கும் சாதாரண அம்பைத் தாங்கும். ஆனால் வேட்டைக்குரிய அலகு அம்பு சாக்கை அறுத்துவிடும். பிடுங்குகையில் துணியும் சிக்கும். அதற்கு நெருக்கி அடுக்கிய நுரைப்பலகையே ஏற்றது. அதுவும் நாளடைவில் வெட்டுண்டு நைவதால், நடுப்பலகைகளை அவ்வப்போது மாற்றி அடுக்குவர். அவ்வலகு சவரக்கத்திக்கு நிகரானது, சிறுவர் தொடலாகாது.

இலக்கு எத்துணை உறுதியாயினும் அதனைத் தவறும் அம்பும் உண்டு. திடலுக்கு அப்பால் எம் பெற்றோர் வேலைக்குச் செல்லும் பாதை இருக்கிறது. ஆதலால் உயர்ந்த மண்மேட்டின் முன்னரே இலக்கை நிறுத்தினோம். ஆசிரியர் ஊதல் ஒலித்த பின்னரே அனைவரும் ஒருங்கே சென்று அம்பெடுப்போம்.

பொருள் குறைவு கலைக்குத் தடையன்று. கவனக் குறைவே தடை. அன்புத் தோழர்களே, இவ்விரண்டையும் நெஞ்சில் இருத்தி வில்லெடுப்போம்!