நூலோடிய பிறகே பூவேலை

நான் வீட்டில் இருந்து சட்டை தைத்துக் கொடுப்பவள். படம் எடுக்கப் படித்தவள் அல்ல. ஆனாலும் கடந்த வருடம் ஒரு படம் எடுத்து முடித்தேன். ஒரு நிமிடமும் ஐம்பது செக்கனும் ஓடும் சின்ன அசைவூட்டப் படம். அதைப் பார்க்க வேண்டியவர் ஒருவர்தான். என் அம்மா.

அம்மாவுக்குக் குளுக்கோமா என்ற கண் நோய். பார்வை நரம்பு மெல்ல மெல்லப் பழுதாகும். சொட்டு மருந்து மிச்சப் பார்வையைக் காக்கும். போனது திரும்பி வராது. அம்மாவின் பார்வை சுருங்கிக்கொண்டே வந்தது.

அம்மா அடிக்கடி சொல்லும் கதை ஒன்று உண்டு. விடியப்புறத்தில் பெரியமாமா துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடப்பார். அம்மப்பா பட்டையால் தண்ணீர் இறைத்து ஊற்றுவார். பத்து வயது அம்மா வாய்க்காலில் நின்று பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறுவார். இந்தக் கதையை அம்மாவின் குரலிலேயே கைத்தொலைபேசியில் பதிந்து, அதற்குப் படம் செய்ய நினைத்தேன்.

ஜேர்மனியில் லொட்டே ரைனிகர் என்ற பெண் கறுத்த மட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி, அந்த உருவங்களை அசைத்தே ஒரு முழுநீளப் படத்தை 1926இல் வெளியிட்டார். மூன்று வருட உழைப்பு அது. இன்று எஞ்சியிருக்கும் முழுநீள அசைவூட்டப் படங்களில் அதுவே மிகப் பழையது. கத்தரிக்கோல் என் தொழிலும் அல்லவா? துணிந்தேன்.

பழைய யன்னல் கண்ணாடியை இரண்டு கற்களின் மேல் வைத்தேன். கீழே மின்குமிழ், மேலே மெல்லிய வெள்ளைத் தாள், அதன்மேல் மட்டை உருவங்கள். மூட்டுகளை மெல்லிய கம்பியால் இணைத்தேன். தொலைபேசியைக் குனிந்து பார்க்கும்படி கட்டினேன். உருவத்தைச் சிறிது அசைத்து ஒரு படம், மீண்டும் அசைத்து ஒரு படம். பகல் வெளிச்சம் மாறிமாறி வருவதால் இரவில்தான் வேலை.

ஒரு செக்கனுக்குப் பன்னிரண்டு படம் என்றால் மொத்தம் 1320 படங்கள். இந்தக் கணக்கை நான் முதலில் போடவில்லை. கிணற்றடிப் பனையில் இருந்து தொடங்கினேன். ஒவ்வொரு ஓலையையும் ஈர்க்கு ஈர்க்காக வெட்டினேன். சரிவராததை எறிந்துவிட்டுத் திரும்ப வெட்டினேன். மூன்று வாரம் போனது. கையில் இருந்தவை 24 படங்கள். வெறும் இரண்டு செக்கன்!

அப்போது அம்மா கேட்டார்: "எப்ப பிள்ளை படம் காட்டுவாய்? கண் தெரியேக்க காட்டிப்போடு."

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. ரிச்சர்ட் வில்லியம்ஸ் என்ற பெரிய கலைஞரின் கதை நினைவுக்கு வந்தது. 1964இல் தொடங்கிய தன் படத்தை நுணுக்கி நுணுக்கி வரைந்துகொண்டே இருந்தார். 1992இல் அது அவர் கையை விட்டுப் போனது. வேறு ஆட்கள் முடித்து அடுத்த வருடம் வெளியிட்டார்கள். அவருக்கே அப்படி என்றால் எனக்கு?

தையலில் இந்தப் பிழையை நான் விடுவதில்லை. துணியை வெட்டி, நூலோடி, போட்டுப் பார்த்து, அளவு சரி என்றால்தான் மெசினில் வைப்பேன். பூவேலை எல்லாவற்றுக்கும் பிறகு. இங்கோ கழுத்தும் கையும் பொருத்தாத சட்டைக்குப் பூப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கதையைப் பதினான்கு காட்சிகளாகப் பிரித்தேன். காட்சிக்கு ஒரே ஒரு படம். உருவங்களை அவசரமாக வெட்டி, அசைவே இல்லாமல் எடுத்து, அம்மாவின் குரலோடு வரிசையாக இணைத்தேன். இரண்டு இரவில் முடிந்தது. அதுதான் என் நூலோட்டம்.

அம்மா தொலைக்காட்சிக்குக் கிட்டக் கதிரையைப் போட்டுப் பார்த்தார். பனையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. "நிலா எங்கை? நிலவிலதானே இறைக்கிறது. துலா கிரீச் எண்டு கத்துறதும் கேக்கேல்லை" என்றார்.

எது முக்கியம் என்று அப்போதுதான் விளங்கியது. வானத்துக்கு இன்னொரு தாள் போட்டு, அதில் வட்டமாக ஓட்டை வெட்டினேன். நிலா வந்துவிட்டது. பத்து நிமிட வேலை. துலாவின் சத்தத்துக்கு எங்கள் கோடிப்புறக் கதவைத் திறந்து மூடிப் பதிந்தேன். மாமா துலாவில் ஒருமுறை போய்வர 48 படம் எடுத்து, அதையே ஆறு தடவை ஓடவிட்டேன். 240 படங்கள் மிச்சம். இரவுக்கு நாற்பது படம் என்று கணக்கு வைத்து ஒரு மாதத்துக்குள் முடித்தேன்.

படத்தில் குறைகள் உண்டு. ஓரிடத்தில் என் விரலின் நிழல் தெரிகிறது. மாமாவின் ஒரு கால் சற்றுக் கட்டை. திருத்தவில்லை. ஆனால் அம்மா தண்ணீர் மாறும் இடத்துக்கு மட்டும் ஐந்து இரவு செலவழித்தேன். மண்வெட்டியைச் சிறுமி தூக்கும் விதம் சரியாக வரவேண்டும் என்று நினைத்தேன்.

கறுப்பு உருவமும் வெளிச்சப் பின்னணியும் என்பதால் அம்மாவுக்கு எடுப்பாகத் தெரிந்தது. முடிந்ததும் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அண்ணை அப்பிடித்தான் நடக்கிறவர். இன்னொருக்காப் போடு" என்றார்.

சகோதரிகளே, சரியாகச் செய்ய வேண்டும் என்ற எண்ணத்தால் எங்கள் வீடுகளில் எத்தனையோ வேலைகள் பாதியில் கிடக்கின்றன. நுணுக்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் முழுவதையும் நூலோடி, உரியவருக்குப் போட்டுப் பாருங்கள். பூ எங்கே வேண்டும் என்பதை அவரே காட்டுவார்.