பத்தடி உயரத்தில் என்ஜின் நின்றால்

மருந்தடிக்கும் விமானம் பயிருக்குப் பத்துப் பன்னிரண்டு அடி மேலே, மணிக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர் வேகத்தில் போகும். அங்கே என்ஜின் நின்றால் விமானியிடம் மிச்சமிருப்பது அந்த வேகம் ஒன்றுதான். மூக்கைத் தூக்கி அதை உயரமாக மாற்றிக்கொள்ள வேண்டும். இருநூறு அடி ஏறினால் பெரிய விஷயம். பிறகு பத்துப் பதினைந்து விநாடி.

*

கூடவே மருந்துத் தொட்டியைக் காலி செய்ய வேண்டும். ஏர் டிராக்டர் 802 ரக விமானத்தில் சுமார் 3,000 லிட்டர் பிடிக்கும். நெம்புகோலை இழுத்தால் அடிக்கதவு திறந்து, சில விநாடிகளில் அத்தனையும் கொட்டிவிடும். சுமை போன வேகத்தில் மூக்கு தானாக எகிறும். ஸ்டிக்கை முன்னால் தள்ளிப் பிடிக்காவிட்டால் வேகம் செத்து, விமானம் கல்லாக விழும்.

*

ஓடுதளம் இதோ பின்னால்தானே, திரும்பிவிடலாம் என்று தோன்றும். திரும்பக் கூடாது. எதிரே இருப்பதில்தான் இறங்க வேண்டும்.

*

அறுவடை முடிந்த கோதுமை வயல் உத்தமம். உழுத நிலமென்றால் சாலோடு சாலாக. குறுக்கே போனால் குட்டிக்கரணம். லூசியானாவில் தண்ணீர் கட்டிய நெல்வயல்கள் மேலிருந்து மெத்தை மாதிரி தெரியும். நம்பக் கூடாது. இந்த விமானங்களின் சக்கரம் உள்ளே மடங்காது. சேற்றில் புதைந்தால் விமானம் தலைகீழாகக் கவிழும். ஆளுயர மக்காச்சோளமா? கதிர் நுனியையே தரையாக வைத்துக்கொண்டு, முடிந்தவரை மெதுவாக அமர்த்த வேண்டும். மின்கம்பி கண்ணில் படாது, கம்பத்தைத்தான் தேட வேண்டும். இவ்வளவையும் அந்தப் பதினைந்து விநாடிக்குள் யோசிக்க முடியாது. ஒவ்வொரு வயலுக்குள் நுழையும்போதே இடம் பார்த்து வைத்திருக்க வேண்டும்.

*

தப்பிய விமானியின் சாமர்த்தியத்தைப் புகழ்கிறோம். சரிதான். பாதிப் புகழ் வரைபலகைக்குச் சேரும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மலிவாகக் கிடைத்த ஸ்டியர்மன் பயிற்சி விமானங்களை வைத்தே அமெரிக்காவில் இத்தொழில் வெகுநாள் நடந்தது. வயலுக்கென்றே பிரெட் வீக் டெக்சாஸில் வடிவமைத்த ஏஜி-1, 1950-இல் பறந்தது. அடுத்து அவர் கைபட்ட பைப்பர் பானியைப் பாருங்கள்: முன்னால் என்ஜின், நடுவில் தொட்டி, அதற்கும் பின்னால் உயரத்தில் விமானி. என்றாவது மோதும் என்று வைத்துக்கொண்டே வரைந்தது. முன்பக்கம் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும்.

ஆனால் பெட்ரோல் டாங்கையும் விமானிக்கு முன்னாலேயே, என்ஜினுக்கும் மருந்துத் தொட்டிக்கும் நடுவில் வைத்துவிட்டார்கள். அடியில் பிழைத்தவரைத் தீ விடுமா? 1959-இல் விற்பனைக்கு வந்த விமானத்தில் டாங்கு இறக்கைக்குப் போனது 1970-களில்தான். அவ்வளவு தாமதத்துக்கு நியாயமே கிடையாது.